பூச்சு வேலைக்கு முன்னாடி வயரிங் டெஸ்ட் பண்ணணுமா? எலக்ட்ரீஷியன் "அதெல்லாம் கடைசில பாத்துக்கலாம்"னு சொல்றார்

கண்டிப்பா பண்ணணும். உங்க நெலமை எனக்குப் புரியுது, கொத்தனார் நாளைக்கே பூச்சுக்கு ஆள் கூட்டிட்டு வர்றேன்னு நிப்பார், எலக்ட்ரீஷியன் வேற சைட்டுக்குப் போயிருப்பார், நடுவுல நீங்க. ரெண்டு நாள் தள்ளிப் போடுங்க. நான் அன்னிக்குத் தள்ளிப் போடல, அதான் இவ்வளவு நீளமா எழுதுறேன்.

எங்க வீடு தஞ்சாவூர் பக்கம், 2019ல கட்டினது. பேங்க் லோன். பூச்சு முடிஞ்சு அவங்க இன்ஜினியர் வந்து பாத்தாதான் அடுத்த தவணை வரும், இந்தப் பக்கம் வாடகை, அந்தப் பக்கம் வாங்கின பணத்துக்கு வட்டி, ரெண்டும் ஒண்ணா போய்க்கிட்டு இருக்கு. பூச்சு ஆச்சான்னு பாக்க வர்ற இன்ஜினியர் பூச்சுக்குள்ள என்ன இருக்குன்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டார். வீடு கட்டுறவன் அவசரப்படுறது ஆசையில இல்லங்க, இந்தத் தவணைக் கணக்கு பிடிச்சுத் தள்ளுது. இதைப் பத்தி யாருமே பேச மாட்டேங்கறாங்க.

சரி, விஷயத்துக்கு வர்றேன். சுவரை வெட்டி வயர் போற பைப் பதிச்ச எடத்துல பூச்சு விரிசல் விடக் கூடாதுன்னு கோழி வலை வச்சு ஆணி அடிப்பாங்க இல்லையா, அதுல ஒரு ஆணி நேரா பைப்புக்குள்ள எறங்கிருக்கு. யாரும் பாக்கல, மேல பூசியாச்சு. அப்புறம் வயர் இழுக்கும்போது அந்த ஒரு பைப்ல மட்டும் இறுகுது, ரெண்டு பேர் சேர்ந்து தம் கட்டி இழுத்தாங்க, வந்துருச்சு. நான் பக்கத்துலயேதான் நின்னேன், ஏன் இறுகுதுன்னு கேக்கத் தோணல.

பால் காய்ச்சி ஏழெட்டு மாசம் ஒரு தொந்தரவும் இல்ல. ஐப்பசி மழை நாலு நாள் விடாம பெஞ்சுது, மேற்குப் பக்கச் சுவர் ஓதம் ஏறிடுச்சு. அம்மா ஈரத்துணியால சுவரைத் துடைச்சுட்டு "தம்பி, சொவத்துல கை வச்சா சுர்ருங்குதுடா"ன்னாங்க. அன்னிக்கு ராத்திரி ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா தானா ஆஃப் ஆகுற சுவிட்ச்) விழுந்துச்சு, தூக்கிவிட்டா மறுபடி விழுது. வயரிங் பண்ணினவரைக் கூப்பிட்டா "சார், இதை எடுத்துட்டு நேரா குடுத்துடுறேன், அப்புறம் ட்ரிப்பே ஆகாது"ங்கறார்! 30 மில்லி ஆம்பியர் கசிஞ்சாலே ஆளைக் காப்பாத்துறதுக்குன்னு வச்ச சாமான் அது. ஓவர்லோடு, ஷார்ட்டுக்கு விழுற எம்சிபி இவ்வளவு சின்னக் கசிவுக்கு அசையவே அசையாது. வேணாம்ணேன்னு சொல்லி அனுப்பிட்டேன்.

அடுத்து வந்தவர் மெகர் கொண்டு வந்தார், வயர் தோல் வழியா கரண்ட் கசியுதான்னு பாக்குற மீட்டர் அது. மெயினை ஆஃப் பண்ணி, பல்பு, ப்ளக் எல்லாத்தையும் கழட்டிட்டு ஒவ்வொரு சர்க்யூட்டா 500 வோல்ட்ல வச்சுப் பாத்தார். குறைஞ்சது 1 மெகா ஓமாவது காட்டணுமாம். மத்ததெல்லாம் நல்லா ஏறுது, மேற்கு ரூம் ப்ளக் லைன்ல மட்டும் முள்ளு பூஜ்யத்தை விட்டு நகரவே இல்ல. அந்த எடத்துல பூச்சை ஒடைச்சா, துருப்பிடிச்ச ஆணி பைப்பைத் துளைச்சுக்கிட்டு நிக்குது, சிவப்பு வயர்ல ஒரு விரல் நீளத்துக்குத் தோல் உரிஞ்சு செம்பு தெரியுது. ஆணி வழியா அந்தக் கோழி வலைல கரண்ட். ஈரச் சுவருக்குள்ள. அம்மா கை வச்ச சுவர்.

எலக்ட்ரீஷியன் நண்பர்கள் சண்டைக்கு வராதீங்க, நான் இந்தப் படிப்பு படிச்சவன் இல்ல. "பூச்சுக்கு முன்னாடி பைப்புல வயரே கிடையாது, அப்புறம் எதை மெகர் வைக்கிறது"ன்னு கேப்பீங்க, நியாயம்தான். ஆனா பைப்பை டெஸ்ட் பண்ணலாம்ல? வலை அடிச்சு முடிச்சதும், பூசுறதுக்கு முன்னாடி, டிபி பாக்ஸ்லேருந்து (எம்சிபி எல்லாம் மாட்டுற பெட்டி) ஒவ்வொரு சுவிட்ச் பாக்ஸுக்கும் ஸ்பிரிங் (வயர் இழுக்க பைப்புக்குள்ள விடுற வளையுற கம்பி) விட்டு இந்தப் பக்கம் வருதான்னு பாக்கணும். எங்கயாவது தட்டுச்சுன்னா அங்க ஆணியோ உடைஞ்ச பெண்டோ (பைப் திரும்புற வளைவு) இருக்கு, அப்ப மாத்துறது பத்து நிமிஷ வேலை. எனக்கு டைல்ஸ், பெயிண்ட்னு எல்லாம் சேத்து ஆனது வேற. கான்கிரீட் போடுறதுக்கு முன்னாடி தளத்துல போற பைப்புக்கும் இதேதான், அங்க சிமெண்ட் பால் எறங்கி அடைச்சுக்கிச்சுன்னா ஒண்ணும் பண்ண முடியாது. ஸ்பிரிங் தாராளமா போனாலும் ஓரத்துல ஆணி ஒளிஞ்சிருக்கலாம், அதனால கண்ணாலயும் ஒவ்வொரு எடமா பாருங்க. டேப்பைச் சுவர்ல வச்சு அளவு தெரியுற மாதிரி போட்டோ எடுத்துக்குங்க, நாளைக்கு அலமாரி மாட்ட ட்ரில் போடுறவனுக்கும் அதைக் காட்டலாம்.

வயர் இழுத்ததும் சுவிட்சு மாட்டுறதுக்கு முன்னாடி மெகர். பூச்சு ஈரம் காயறதுக்குள்ள வச்சா இன்னும் நல்லது, எங்க வீட்டுச் சுவர் காஞ்சிருந்தப்ப ஒண்ணுமே தெரியல, ஈரத்துலதான் காட்டிக் குடுத்துச்சு.

நாளைக்கே பூச்சு ஆரம்பிக்குறாங்கன்னா இன்னிக்கு சாயங்காலமே பாத்ரூம் சுவர்ல கீசர் லைன் பைப்பை முதல்ல பாத்துடுங்க.