இளைய மனைவியின் கணக்கில் மெடிகேர்: கேள்வி பதில்

கேள்வி: அமெரிக்கக் குடியுரிமை பெற்ற எனக்கு 65 வயது நிறையப்போகிறது. இங்கே நான் வேலை பார்த்ததில்லை. மனைவிக்கு 59 வயது. இருபது ஆண்டுகளாகப் பணியில் இருக்கிறார். அவர் கணக்கில் எனக்கு மெடிகேரின் (முதியோருக்கான அமெரிக்க அரசு மருத்துவக் காப்பீடு) பார்ட் ஏ, அதாவது மருத்துவமனைச் செலவுக்கான பகுதி, இலவசமாகக் கிடைக்குமா?

பதில்: கிடைக்கும், ஆனால் மூன்று ஆண்டுகள் கழித்துத்தான். துணைவர் 40 கிரெடிட் (வரி செலுத்தி வேலை பார்ப்பதற்குக் கணக்கில் சேரும் புள்ளி) சேர்த்திருப்பதோடு, அவருக்கு 62 வயது நிறைந்திருக்க வேண்டும். திருமணமாகி ஓராண்டும் கடந்திருக்க வேண்டும். அவர் ஓய்வு பெற்றிருக்க வேண்டும் என்றோ, சோஷியல் செக்யூரிட்டி (அரசு ஓய்வூதியத் திட்டம்) தொகையைப் பெறத் தொடங்கியிருக்க வேண்டும் என்றோ நிபந்தனை இல்லை. மனைவிக்கும் 65 ஆகட்டும் என்று காத்திருப்பவர்கள் மூன்று ஆண்டுகளை வீணே இழக்கிறார்கள்.

கேள்வி: அதுவரை என்ன செய்வது?

பதில்: மனைவியின் நிறுவனக் காப்பீட்டில் நீங்களும் இருந்து, அந்நிறுவனத்தில் 20 பேருக்குக் குறையாமல் பணியாற்றினால், அதிலேயே தொடர்வதுதான் பெரும்பாலும் சிக்கனம். அவருடைய வேலையோ அந்தக் காப்பீடோ, எது முதலில் முடிகிறதோ அதிலிருந்து 8 மாதங்களுக்குள் பார்ட் பி-யில் (மருத்துவர் கட்டணம், வெளிநோயாளர் சிகிச்சைக்கான மெடிகேர் பகுதி) சேர்ந்துவிட்டால் அபராதம் இராது. வேலை போனபின் எடுக்கும் கோப்ரா காப்பீடு (பழைய நிறுவனக் காப்பீட்டையே சொந்தச் செலவில் சில காலம் நீட்டிப்பது) இந்தப் பாதுகாப்பைத் தராது என்பதை இங்கே பலர் கவனிப்பதில்லை.

நிறுவனக் காப்பீடு இல்லையென்றால் பார்ட் பி-யை 65-லேயே எடுத்துவிடுங்கள். பார்ட் ஏ இலவசமாக வரும்போது இரண்டையும் சேர்த்து வாங்கிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால், தாமதமாகும் ஒவ்வொரு முழு 12 மாதத்துக்கும் 10 சதவீதம் கூடுதலாக, பார்ட் பி வைத்திருக்கும் காலம் முழுவதும் கட்ட நேரிடும். 2026-இல் பார்ட் பி-யின் வழக்கமான கட்டணம் மாதம் 202.90 டாலர்.

பார்ட் ஏ-வை விலைக்கு வாங்கவும் வழியுண்டு. முழுக்கட்டணம் 2026-இல் மாதம் 565 டாலர். ஆனால் ஓராண்டாவது உங்களோடு மணவாழ்வில் இருக்கும் துணைவருக்கு 30 கிரெடிட் இருந்தாலே 311 டாலராகக் குறையும்; ஆகவே உங்களுக்கு எந்தக் கட்டணம் விதிக்கிறார்கள் என்று பாருங்கள். மனைவிக்கு 62 ஆகும்போது, கட்டணம் தானாக நின்றுவிடும் என்று இராமல், திருமணச் சான்றிதழோடு சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள்.

கேள்வி: எனக்கு 25, கணவருக்கு 20 கிரெடிட். கூட்டிக் காட்டலாமா?

பதில்: முடியாது. ஒருவர் கணக்கிலேயே 40 இருக்க வேண்டும். ஆண்டுக்கு நான்குக்கு மேல் சேராது என்பதால் குறைந்தது பத்து ஆண்டு உழைப்பு தேவை. இந்தியாவில் பார்த்த வேலை இதில் சேராது.

கேள்வி: விவாகரத்தானவர்களுக்கு?

பதில்: அந்த மணவாழ்வு பத்து ஆண்டுகள் நீடித்து, இப்போது நீங்கள் மறுமணம் செய்யாமல் இருந்தால், 62 வயது நிறைந்த முன்னாள் துணைவரின் கணக்கில் பெறலாம். அவருடைய சம்மதம் தேவையில்லை.

கேள்வி: கிரீன் கார்டில் வந்த என் பெற்றோர் என் கணக்கில் பெறலாமா?

பதில்: பிள்ளையின் உழைப்பு இதற்குக் கணக்கில் வராது. 65 வயது நிறைந்த அவர்கள் தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் இங்கே வசித்தபின் கட்டணம் செலுத்திச் சேரலாம்.