சாய்வு, ஓரம், புள்ளி: ஸ்கேன் ஆவணங்களைக் கணினியில் திருத்துவது பற்றிக் கேள்வி பதில்

சான்றிதழ், பத்திரம், பழைய புத்தகம் என்று ஸ்கேன் செய்தவற்றைத் திருத்துவது பற்றி வந்த கேள்விகள் இவை. பதில்களில் சொல்லும் இர்ஃபான்வியூ, கிம்ப், ஸ்கேன்டெய்லர் என்ற மென்பொருள்கள் மூன்றும் வீட்டு உபயோகத்துக்கு இலவசம். எதைச் செய்வதானாலும் மூல ஸ்கேனைத் தனி ஃபோல்டரில் நகலெடுத்து வைத்துவிட்டு ஆரம்பியுங்கள்.

கேள்வி: அண்ணா, மதிப்பெண் சான்றிதழ் கொஞ்சம் சாய்ந்து ஸ்கேன் ஆகிவிட்டது. முதலில் ஓரத்தை வெட்டவா, நேராக்கவா?

நேராக்கிவிட்டுத்தான் வெட்ட வேண்டும் தம்பி. ஒட்ட வெட்டிய படத்தைப் பிறகு திருப்பினால் நான்கு மூலையிலும் வெற்று முக்கோணம் விழும். அதை மறைக்க இன்னும் உள்ளே வெட்டுவீர்கள், சான்றிதழின் கரை போய்விடும்.

ஒரு டிகிரிதானே என்று விடாதீர்கள். ஏ4 தாள் 300 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 300 பிக்சல் என்ற அளவில், 2480 × 3508 பிக்சல். ஒரு டிகிரி சாய்ந்தால், இடது ஓரத்தில் தொடங்கும் கோடு வலது ஓரம் போவதற்குள் 43 பிக்சல் விலகிவிடும். அச்சிட்டால் மூன்றரை மில்லிமீட்டருக்கு மேல், கண்ணுக்கு நன்றாகவே தெரியும்.

கிம்பில் மெஷர் கருவியை எடுத்து, அட்டவணைக் கோடு ஒன்றின் மேல் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை இழுத்து, ஸ்ட்ரெயிட்டன் பொத்தானை அழுத்துங்கள். தாளின் ஓரத்தை அளவாக எடுக்க வேண்டாம், அச்சே தாளில் கோணலாக விழுந்திருக்கலாம். இர்ஃபான்வியூ என்றால் கண்ட்ரோல் + யு அழுத்திக் கோணத்தை எண்ணாகக் கொடுக்கலாம்.

கறுப்பு-வெள்ளையாக ஸ்கேன் செய்த படத்தைச் சிறு கோணத்தில் திருப்பினால் எழுத்தின் விளிம்பு படிக்கட்டாகிவிடும். கிரேஸ்கேலில், அதாவது சாம்பல் சாயல்களோடு ஸ்கேன் செய்து, திருப்பி, பிறகு கறுப்பு-வெள்ளையாக மாற்றுங்கள்.

கேள்வி: ஸ்கேன் பிடிஎஃப்பிலிருந்து ஒரு பக்கத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வெட்டினேன். அச்சில் எழுத்து மங்கலாக வருகிறது.

முழுப் பக்கமும் தெரிய வைத்து எடுத்திருப்பீர்கள். சாதாரணத் திரையின் உயரம் 1080 பிக்சல். 3508 பிக்சல் உயரமுள்ள பக்கத்தை அதற்குள் சுருக்கிப் படம் பிடித்தால் மூன்றில் ஒரு பங்குகூட மிஞ்சாது, அதைப் பெரிதாக்கினாலும் போன விவரம் திரும்பாது. பிடிஎஃப்பை நேரடியாகக் கிம்பில் திறங்கள். இறக்குமதிப் பெட்டியில் ரெசல்யூஷனை 300 என்று மாற்ற மறக்க வேண்டாம். நிறையப் பக்கங்கள் இருந்தால் பாப்ளர் தொகுப்பில் வரும் பிடிஎஃப்இமேஜஸ் கருவி, உள்ளே இருக்கும் படங்களை மறுபடி சுருக்காமல் அப்படியே எடுத்துக் கொடுக்கும்.

கேள்வி: சார், தேர்வு விண்ணப்பத்தில் புகைப்படம் 20 முதல் 50 கேபி, கையொப்பம் 10 முதல் 20 கேபி என்று கேட்கிறார்கள். கையொப்பம் 6 கேபிதான் வருகிறது, ஏற்க மறுக்கிறது.

வெள்ளைத் தாளில் நாலு கோடு, ஜேபெக் அதை எளிதில் சுருக்கிவிடுகிறது. இர்ஃபான்வியூவில் சேவ் செய்யும்போது குவாலிட்டியை 95க்கு மேல் கொண்டுபோங்கள். அதுவும் போதாவிட்டால் சிறிதாக்கிய படத்தை இழுத்துப் பெரிதாக்காமல், மூல ஸ்கேனிலிருந்து கூடுதல் பிக்சலோடு மறுபடி வெட்டுங்கள். புகைப்படத்துக்கு 3.5 × 4.5 செ.மீ. கேட்டால் 300 டிபிஐயில் 413 × 531 பிக்சல், 200 டிபிஐயில் 276 × 354. வெட்டும்போதே நீள அகல விகிதத்தைப் பூட்டிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் முகம் இழுபடும்.

கேள்வி: தாத்தா வைத்திருந்த பழைய தமிழ்ப் புத்தகத்தை ஸ்கேன்டெய்லரில் சுத்தம் செய்கிறேன். பக்கம் பளிச்சென்று வருகிறது, ஆனால் படித்தால் எங்கோ பிழையாக இருக்கிறது.

புள்ளி போயிருக்கும், மெய்யெழுத்தின் புள்ளி. ஸ்கேன்டெய்லரின் ஆறு கட்டங்களில் கடைசியான அவுட்புட்டில் டெஸ்பெக்கிள் என்று ஒன்று இருக்கிறது. தனியாக நிற்கும் சின்னக் கறுப்புத் திட்டுகளைத் தூசி என்று எண்ணித் துடைப்பது அதன் வேலை. புத்தக அச்சில் மெய்ப்புள்ளி அரை மில்லிமீட்டருக்கும் குறைவு, 300 டிபிஐயில் ஐந்து பிக்சல் அகலம்தான் வரும். தூசியும் அதே அளவு. ஆங்கிலத்தில் ஐ, ஜே என்ற இரண்டு சிற்றெழுத்துகளுக்குத்தான் புள்ளி, அது போனாலும் சொல் புரியும். தமிழில் ‘மண்’ ‘மண’ ஆகிவிடும், ‘பல்’ ‘பல’ ஆகிவிடும். இரண்டும் சரியான சொல் என்பதால் எழுத்துப்பிழை திருத்தியாலும் பிடிக்க முடியாது. ஒரு புத்தகத்தைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்துக்கொண்டே வரிக்கு வரி அதைச் சிதைக்கும் வேலை இது. அதனால்தான் இதில் இவ்வளவு கண்டிப்பாக இருக்கச் சொல்கிறேன்.

டெஸ்பெக்கிளை முழுவதும் அணையுங்கள், அல்லது மிகக் குறைந்த நிலையில் வையுங்கள். அதே கட்டத்தில் எழுத்தை மெலிதாக்கும், தடிமனாக்கும் ஸ்லைடர் இருக்கும். மங்கிய அச்சுக்கு அதைத் தடிமன் பக்கம் கொஞ்சம் நகர்த்தினால் புள்ளி நிற்கும். மிகவும் நகர்த்தினால் புள்ளி கீழே இருக்கும் எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும், அதுவும் கெடுதல்தான். ஸ்கேனையே 600 டிபிஐயில் எடுத்தால் புள்ளி பத்துப் பிக்சல் ஆகும், பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். தூசியை அவுட்புட்டின் ஃபில் ஸோன்ஸில் கையால் வட்டமிட்டு அழியுங்கள். பத்துப் பக்கத்துக்கு ஒன்றை 200 சதவீதத்தில் பெரிதாக்கி, மெய்யெழுத்து நிறைந்த ஒரு பத்தியை மூலத்தோடு ஒப்பிட்டு வாசியுங்கள். ஸ்கேன்டெய்லர் மூலப் படத்தைத் தொடாது, முடிவுகளைத் தனி ஃபோல்டரில்தான் எழுதும். தப்பானால் அமைப்பை மாற்றி மறுபடி ஓட்டிக்கொள்ளலாம்.

கேள்வி: அப்படியானால் பிடிஎஃப்பைச் சுருக்கும்போதும் எழுத்து மாறுமா?

மாறலாம். ஜேபிக்2 என்ற சுருக்கமுறையின் இழப்புள்ள வகை, ஒன்றுபோலத் தெரியும் எழுத்துகளில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இடங்களிலும் அதையே ஒட்டும். ஜெராக்ஸ் நிறுவனத்தின் சில நகல் இயந்திரங்களில் இதனால் 6 என்பது 8 ஆவதை 2013இல் டேவிட் கிரீசல் என்ற ஜெர்மானியக் கணினி அறிஞர் கண்டுபிடித்து வெளியிட்டார். மங்கலாகாமல் தெளிவான தவறான எண்ணாக வந்ததுதான் அதில் பயங்கரம். எண்கள் உள்ள ஆவணத்துக்கு சிசிஐடிடி குரூப் 4 போன்ற இழப்பில்லாத முறையைத் தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: ஆதார் நகலில் முதல் எட்டு எண்களைக் கறுப்புப் பெட்டியால் மறைத்து, கீழே உள்ள முகவரியை வெட்டி அனுப்பினேன். பாதுகாப்புதானே?

பிடிஎஃப் செயலியிலேயே செய்திருந்தால் இல்லை அம்மா. அங்கே வரையும் பெட்டி பெரும்பாலும் மேலே ஒட்டிய ஒரு தனிப் பொருள். திறப்பவர் அதைச் சொடுக்கி நகர்த்தலாம், நீக்கலாம். வெட்டுவதும் அப்படித்தான். க்ராப் என்பது எந்தப் பகுதியைக் காட்டுவது என்ற எல்லையை மட்டும் மாற்றுகிறது. வெட்டியதாக நினைத்த முகவரி கோப்புக்குள் முழுசாக இருக்கும். வேர்டில் படத்தை வெட்டினாலும் இதே கதை, கம்ப்ரஸ் பிக்சர்ஸில் ‘வெட்டிய பகுதிகளை நீக்கு’ என்பதைத் தேர்வு செய்தால்தான் போகும்.

பக்கத்தைப் படமாகக் கிம்பில் திறந்து, எண்ணின் மேல் செவ்வகம் தேர்ந்து, முழுக் கறுப்பை ஊற்றுங்கள். மங்கலாக்குவது, கட்டம் கட்டமாக்குவது வேண்டாம், எண்களை அதிலிருந்து ஊகிக்க முடியும். வெட்டி, புதிய பெயரில் ஜேபெக்காக ஏற்றுமதி செய்து, அதையே பிடிஎஃப் ஆக்குங்கள். முடித்ததும் பிடிஎஃப்பைத் திறந்து கண்ட்ரோல் + ஏ, பிறகு கண்ட்ரோல் + சி, நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். படத்துக்கு அடியில் மறைந்திருக்கும் பழைய எழுத்து மிஞ்சியிருந்தால் அங்கே வந்து நிற்கும். 2023இல் கூகுள் பிக்சல் போன்களின் மார்க்அப் என்ற படத்திருத்தக் கருவியிலும் விண்டோஸ் ஸ்னிப்பிங் கருவியிலும், பழைய கோப்பின் மேலேயே சேமித்தால் வெட்டிய பகுதி கோப்பின் வாலில் தங்கிவிடும் குறை வெளிவந்தது. புதிய பெயரில் சேமிக்கச் சொல்வது இதற்காகவும்தான். ஆதாருக்கு மட்டும் என்றால் அதன் இணையதளத்திலேயே கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் நகலை இறக்கிக்கொள்ளலாம், இந்த வேலையே இல்லை.

கேள்வி: பழுப்பேறிய தாள், பின்பக்க எழுத்தும் தெரிகிறது. போதாததற்கு ஊதா முத்திரை வேறு.

ஸ்கேனரில் வைக்கும்போதே தாளின் பின்னால் கறுப்பு அட்டை வையுங்கள், பின்பக்க எழுத்து பெரிதும் அடங்கும். மிச்சத்துக்குக் கிம்பின் லெவல்ஸில் வெள்ளை முக்கோணத்தை 225 அருகே இழுங்கள். வண்ணத்தில் ஸ்கேன் செய்திருந்தால் டீகம்போஸ் மூலம் மூன்று நிறத் தளங்களையும் பிரிக்கலாம். பழுப்புத் தாள் சிவப்புத் தளத்தில் வெளுக்கும். ஊதா முத்திரை நீலத் தளத்தில் மங்கி, அடியில் உள்ள கறுப்பு எழுத்து மேலே வரும். ஆனால் இது வாசிப்பதற்கு மட்டும். முத்திரை ஆவணத்தின் பகுதி, கொடுக்க வேண்டிய நகலில் அதை அழிக்கக் கூடாது.

கேள்வி: பத்திரத் தாள் ஸ்கேனரைவிட நீளம். இரண்டு துண்டாக எடுத்து ஒட்டலாமா?

லீகல் அளவு 14 அங்குலம், சாதாரண ஸ்கேனர் கண்ணாடி 11.7 அங்குலம். இரண்டு துண்டிலும் ஐந்து செ.மீ.க்குக் குறையாமல் ஒரே பகுதி வரட்டும். தாளைச் சுற்றாமல் நேராக நகர்த்துங்கள், ஸ்கேனரின் ஆட்டோ வெளிச்சத் திருத்தத்தை அணையுங்கள். இல்லாவிட்டால் இரு துண்டும் வேறு நிறத்தில் வரும். கிம்பில் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக லேயராகத் திறந்து, அடியில் உள்ளதும் தெரியும்படி மேல் லேயரின் ஒபாசிட்டியை 50 ஆக்கி, பொதுவாக உள்ள ஒரு சொல்லைப் பொருத்தி, அம்பு விசைகளால் ஒவ்வொரு பிக்சலாக நகர்த்துங்கள். பொருந்தியதும் ஒபாசிட்டியை மறுபடி 100க்குக் கொண்டுவந்து, மேல் லேயரின் மிகுதியை இரண்டு வரிகளுக்கு நடுவே அழியுங்கள். கையெழுத்து, முத்திரை, முத்திரைத்தாள் எண் எதன் குறுக்கேயும் ஒட்டு போகக் கூடாது.