சிஸ்டர் பதில்கள்: டிஸ்சார்ஜ்னு சொல்லிட்டா முடிஞ்சுதா?

கேள்வி: சிஸ்டர், நாங்க ஏற்காட்டுக்கு மேல எஸ்டேட் பக்கம். அப்பாவுக்கு பக்கவாதம் வந்து சேலத்துல ஒரு ஆஸ்பத்திரில பத்து நாள் வச்சிருந்தோம்ங்க, திடீர்னு ஒரு சாயங்காலம் டிஸ்சார்ஜ்னுட்டாங்க. மூக்குல டியூப், யூரின் பை, எதை எப்படி பாக்கணும்னு யாரும் சொல்லித்தரல. ஒரே வாரத்துல முதுகுல புண்ணு. இதுக்குன்னு தனியா ஆள் வைக்கமாட்டாங்களா?
- வாசகி, சேர்வராயன் மலை

பதில்: இதுல உங்க தப்பு ஒண்ணுமில்ல தங்கச்சி, சொல்லித்தராதது உங்களுக்கு எப்படி தெரியும்?

அமெரிக்காவுல இதுக்கு டிஸ்சார்ஜ் பிளானர்னே வேலை இருக்கு, நர்ஸோ சோஷியல் ஒர்க்கரோ பாப்பாங்க. அங்க 2012 அக்டோபர்லருந்து ஹார்ட் ஃபெயிலியர், நிமோனியா மாதிரி சில நோய்ல 30 நாளுக்குள்ள திரும்ப அட்மிட் ஆகுறவங்க அதிகமா இருந்தா மெடிகேர், அதாவது வயசானவங்களுக்கான அரசாங்க இன்சூரன்ஸ், அந்த ஆஸ்பத்திரிக்கு குடுக்குற பணத்துல பிடிச்சுக்கும், அதனால வீட்டுக்கு போனவங்க நல்லா இருக்காங்களாங்கற கவலை ஆஸ்பத்திரிக்கே வந்துடுது.

நம்ம பக்கம் சம்மரி எழுத டாக்டர், பில்லுக்கு கவுண்டர், இன்சூரன்ஸுக்கு ஒரு டெஸ்க், எல்லாம் இருக்கு, மத்ததெல்லாம் டூட்டி நர்ஸ் தலைலதான் விழுது, ஒரு வார்டையே ஓடி ஓடி பாக்குற பொண்ணு எத்தனை பேருக்கு உக்காந்து சொல்லித்தரும்? தனி ஆள் ஒருத்தர் இருந்திருந்தா அட்மிட் ஆன ரெண்டாம் நாளே கேட்டிருப்பாங்க, 20 கொண்டை ஊசி வளைவு ஏறி எந்த நேரத்துல கூட்டிட்டு போவீங்க, வாசல்ல எத்தனை படி, புரட்டிப் படுக்க வைக்க கூட யாரு இருக்கா, வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கான்னு. டியூப்ல கஞ்சி ஊத்துறதை உங்க கையாலயே ரெண்டு மூணு தடவை செய்யவச்சு பாத்துட்டுதான் அனுப்பியிருப்பாங்க. எம்.எஸ்.டபிள்யூ, அதான் சோஷியல் ஒர்க் மேல்படிப்பு, முடிச்சுட்டு வேலை தேடுற பிள்ளைங்க எத்தனையோ பேரு இருக்காங்க, ஒவ்வொரு பெரிய ஆஸ்பத்திரியும் அவங்களை இந்த வேலைக்கு போடணும், இதை நான் விடாம எழுதிட்டேதான் இருப்பேன்.

இப்போ அப்பாவுக்கு வருவோம். ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் பக்கம் மாத்துங்க, ராத்திரியும்தான். செவந்த இடத்தை தேய்க்கவே கூடாது. ஏர் பெட் கிடைச்சா வாங்கிடுங்க. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல மக்களைத் தேடி மருத்துவத்துல பேர் குடுங்க, 2021-லருந்து நடக்குற திட்டம், பிசியோவும் நர்ஸும் வீட்டுக்கே வருவாங்க. புண்ணு கறுத்தாலோ வாடை அடிச்சாலோ காய்ச்சல் வந்தாலோ தள்ளிப்போடாம ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போங்க, 108-ஐ கூப்பிடுங்க. கஞ்சி குடுக்கும்போது தலைப்பக்கம் நல்லா உசத்தி வைங்க, முடிஞ்சதும் அரைமணி நேரமாவது அப்படியே இருக்கட்டும். யூரின் பை இடுப்புக்கு கீழதான் தொங்கணும், தரைல படக்கூடாது. மூக்கு டியூப் நழுவுனா மட்டும் நீங்களா உள்ள தள்ளிடாதீங்கம்மா.