ஒளிச்சேர்க்கையில் அதிர்வுகளின் பங்கு: ஒரு கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கிறேன். குவாண்டம் விளைவுகளால்தான் செடிகள் கிட்டத்தட்ட 100 சதவீதத் திறனோடு ஒளியைப் பயன்படுத்துகின்றன என்று மாணவர்களுக்குச் சில ஆண்டுகளாகச் சொல்லிவந்தேன். அது தவறு, ஆய்வகத்தில் கண்டது வெறும் மூலக்கூறு அதிர்வுதான் என்று இப்போது படிக்கிறேன். அப்படியென்றால் அந்த அதிர்வுகளுக்குக் கணித மாதிரி அமைப்பதில் இன்னும் ஏன் இத்தனை பேர் உழைக்கிறார்கள்? அதிர்வு என்பது வெப்பத்தின் இரைச்சல்தானே?

ச., திருச்சி

அன்புள்ள ச.,

அதிர்வை இரைச்சல் என்று தள்ளிவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. நிறமிகள் பிடித்த ஆற்றல் சேரவேண்டிய இடத்தைச் சேர்ந்து அங்கேயே தங்குவது அதிர்வுகளால்தான்.

முதலில் அந்த 100 சதவீதம். நிறமி உறிஞ்சிய ஒளித்துகள்களில் எத்தனையின் ஆற்றல் வினைமையத்தை, அதாவது அதை வேதிவினைக்குப் பயன்படுத்தும் இடத்தை, சென்றடைகிறது என்ற கணக்கு அது. சூரிய ஆற்றலில் எவ்வளவு பயிரின் எடையாகச் சேர்கிறது என்பது வேறு கணக்கு. நெல் போன்ற சி3 பயிர்களுக்கு அதன் கோட்பாட்டு உச்சவரம்பு 4.6 சதவீதம், கரும்பு போன்ற சி4 பயிர்களுக்கு 6 சதவீதம். இரண்டையும் வகுப்பில் பிரித்தே சொல்லுங்கள்.

நீங்கள் குறிப்பிடும் விவாதம் செடியில் தொடங்கவில்லை. பச்சைக் கந்தக பாக்டீரியாவிலுள்ள எஃப்.எம்.ஓ. என்ற புரதத்தில் தொடங்கியது. ஃபென்னா, மேத்யூஸ், ஓல்சன் ஆகிய மூவரின் பெயர்களின் முதலெழுத்துகள் அவை. 1975இல் வடிவம் கண்டறியப்பட்ட அந்தப் புரதத்தின் ஒவ்வோர் அலகிலும் ஏழு பாக்டீரியோகுளோரோபில் மூலக்கூறுகள் தெரிந்தன (எட்டாவது ஒன்று பிற்பாடு உறுதியானது). 2007இல் பெர்க்லியில் ஃபிளெமிங்கின் குழு, 77 கெல்வின் குளிரில், அதன் இருபரிமாண நிறமாலையில் 660 ஃபெம்டோநொடி வரை நீடித்த துடிப்புகளைக் கண்டது. ஒரு நொடியைப் பத்துக் கோடி கோடியாகப் பிரித்தால் கிடைக்கும் ஒரு துண்டுதான் ஃபெம்டோநொடி. எலக்ட்ரான் நிலைகளுக்கு இடையிலான ஓரியல்பு (அலைகள் கட்டம் பிசகாமல் ஒத்திசைந்து நிற்பது) அத்தனை நேரம் நீடிக்கிறது, ஆற்றல் அலைபோலப் பரவிச் சிறந்த பாதையைத் தேடிக்கொள்கிறது என்றார்கள். 2010இல் 277 கெல்வினிலும் (சுமார் 4 டிகிரி செல்சியஸ்) துடிப்புகள் தெரிந்தன. உற்சாகம் கரைபுரண்டதில் வியப்பில்லை.

ஐயம் எழுந்தது துடிப்பின் கால அளவிலிருந்து. பாக்டீரியோகுளோரோபிலுக்கு அலைஎண் 180 அளவில் ஓர் இயல்பான அதிர்வு உண்டு (அலைஎண் என்பது ஒரு சென்டிமீட்டருக்கு எத்தனை அலைகள் என்ற கணக்கு; ஆற்றலையும் அதிலேயே அளப்பார்கள்). அதன் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 185 ஃபெம்டோநொடி. புரதத்தில் அடுத்தடுத்த ஆற்றல் நிலைகளின் இடைவெளியும் இதே அளவுதான். அறை வெப்பநிலையின் வெப்ப ஆற்றலோ அலைஎண்ணில் சுமார் 208. மூன்றும் இவ்வளவு நெருங்கி நிற்கும்போது துடிப்பு எதனுடையது என்று எப்படிப் பிரிப்பது? 2013இல் கொலராடோவிலிருந்து திவாரி, பீட்டர்ஸ், ஜோனாஸ் மூவரும் தெளிவான விளக்கம் ஒன்றைத் தந்தார்கள். இரு நிறமிகளும் ஒரே கட்டத்தில் அதிர்ந்தால் அவற்றின் ஆற்றல் இடைவெளி மாறுவதில்லை. ஒன்று விரியும்போது மற்றது சுருங்கினால் இடைவெளியே ஏறி இறங்குகிறது. அந்த எதிர்க்கட்ட அதிர்வின் ஒரு குவாண்டம் இடைவெளிக்குச் சமமாகும்போது எலக்ட்ரான் நிலையும் அதிர்வு நிலையும் கலந்துவிடுகின்றன. 2017இல் ஹாம்பர்க் குழு, அறை வெப்பநிலையில் எலக்ட்ரான் ஓரியல்பு வெறும் 60 ஃபெம்டோநொடியில் மறைவதாக அளந்தது. ஆற்றல் இந்தப் புரதத்தைக் கடக்க எடுப்பதோ சில பிக்கோநொடிகள், அதாவது சில ஆயிரம் ஃபெம்டோநொடிகள்.

இனி உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். சூழலே, அதாவது சுற்றியுள்ள புரதமும் அதிர்வுகளுமே, இல்லாமல் இரண்டு நிறமிகளை மட்டும் வைத்தால் ஆற்றல் அங்குமிங்கும் ஊசலாடிக்கொண்டே இருக்கும். உராய்வில்லாத கிண்ணத்தில் உருட்டிவிட்ட கோலி அடியில் நிற்காதது போல. ஆற்றல் உயர்ந்த நிலையிலிருந்து தாழ்ந்த நிலைக்கு இறங்க வேண்டுமானால் மிச்சத்தை யாராவது வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்கிக்கொள்வது அதிர்வு. அது புரதத்துக்குள் கலைந்து போனபின் ஆற்றலுக்குத் திரும்பிச் செல்ல வழி குறைகிறது.

இதைக் கணக்கிடுவது கடினம். ஃபோர்ஸ்டரின் 1948ஆம் ஆண்டுக் கோட்பாடு நிறமிகளுக்கிடையிலான பிணைப்பு மிக வலுக்குறைந்தது என்று கொள்கிறது. ரெட்ஃபீல்டின் 1957ஆம் ஆண்டுக் கோட்பாடு நிறமிக்கும் சூழலுக்கும் உள்ள பிணைப்பு வலுக்குறைந்தது என்று கொள்கிறது. எஃப்.எம்.ஓ.வில் இரண்டும் ஒப்பிடத்தக்க வலிமை உடையவை. ஆகவே தனிமுரா, குபோ இருவரும் 1989இல் அமைத்த படிநிலைச் சமன்பாடுகளை நாட வேண்டியிருக்கிறது. சூழலின் நினைவை, அதாவது முன்பு நடந்ததன் தாக்கத்தை, துணை அணிகளாக (எண் அட்டவணைகளாக) அடுக்கடுக்காக எழுதிச் செல்லும் முறை அது. ஏழு நிறமிகள், ஒவ்வொன்றுக்கும் மழமழப்பான எளிய சூழல், பத்து அடுக்கு என்றால் 19,448 அணிகள் போதும். ஒவ்வொரு நிறமிக்கும் ஒரே ஒரு கூர்மையான அதிர்வைக் கூடுதலாகச் சேருங்கள். ஓர் அதிர்வுக்கு இரண்டு உறுப்புகள் வேண்டும் என்பதால் சூழலை விவரிக்கும் உறுப்புகள் ஏழிலிருந்து இருபத்தொன்றாகின்றன, அணிகளோ 4 கோடியே 43 லட்சத்தைத் தாண்டுகின்றன. உண்மையில் ஒரு நிறமிக்கு இத்தகைய அதிர்வுகள் பல பத்து உண்டு. அத்தனை பேர் ஏன் உழைக்கிறார்கள் என்றீர்களே, காரணம் இதுதான். எந்த அதிர்வை விடலாம், எதை விடக்கூடாது என்பது ஊகத்தால் முடிவாகாது.

2020இல் பல ஆய்வுக்குழுக்கள் சேர்ந்து எழுதிய மறுபரிசீலனை, நீடித்த துடிப்புகள் பெரும்பாலும் அதிர்வுகளுடையவை என்ற முடிவுக்கு வந்தது. இதைத் தோல்வி என்று நான் பார்க்கவில்லை. நிறமிகளுக்கிடையே ஆற்றல் பகிரப்படுவதும் அதிர்வு குவாண்டங்களாக வருவதும் குவாண்டம் இயற்பியல்தான். பாதை தேடும் அலை என்ற கதைதான் நிற்கவில்லை. அதிர்வுக் கலப்பு உயிர்கள் வாழும் இயல்பான வெப்பநிலையில் ஆற்றல் கடத்தலை எவ்வளவு விரைவுபடுத்துகிறது என்பதில் கருத்து வேறுபாடு இன்னும் இருக்கிறது.

உங்கள் மாணவர்களுக்கு ஒரு பயிற்சி. இரண்டு நிறமிகள், ஓர் எதிர்க்கட்ட அதிர்வு (அலைஎண் 180), ஆறு அதிர்வு நிலைகள். மொத்தம் 12க்கு 12 அணி. சாதாரண மடிக்கணினியில் பைத்தானே போதும். நிறமிகளின் பிணைப்பை அலைஎண்ணில் 20 என்று வைத்து, ஆற்றல் இடைவெளியை 50இலிருந்து 300 வரை மாற்றிச் சில பிக்கோநொடிகள் ஓடவிடுங்கள். கடத்தல் முதலில் சரியும், 180க்கு அருகில் மீண்டும் எழும். பிறகு அதிர்வுப் பிணைப்பைச் சுழியாக்கி ஓட்டச் சொல்லுங்கள். இரண்டு வரைபடங்களையும் எனக்கு அனுப்பினால் மகிழ்ச்சியோடு பார்ப்பேன்.