சிக்னல் இல்லாத நாற்சந்தி: மோதியவர் மேல்தான் தப்பா?

கேள்வி: எங்கள் நகரில் நான்கு தெரு கூடும் இடத்தில் சிக்னல் கிடையாது. ஸ்கூட்டரில் நேராகப் போய்க்கொண்டிருந்தேன். இடப்பக்கத் தெருவிலிருந்து ஒரு கார் நிற்காமல் குறுக்கே வந்தது. என் முன்சக்கரம் காரின் வலப்பக்கக் கதவில் மோதி, எனக்கு மணிக்கட்டு எலும்பு முறிந்தது. ‘மோதியது நீங்கள்தானே’ என்று போலீசார் என் மேலேயே வழக்குப் போட்டுவிட்டார்கள். கோர்ட்டில் ஃபைன் கட்டி முடித்துக்கொள்ளச் சொல்கிறார்கள். என் லைசென்ஸும் காலாவதியாகிவிட்டது. நான் நஷ்டஈடு கேட்க முடியுமா?

பதில்: தாராளமாகக் கேட்கலாம். ஆனால் அந்த ஃபைனைக் கட்டாதீர்கள். அஜாக்கிரதையாக வண்டி ஓட்டுவதைக் குற்றமாக்கும் பாரதிய நியாய சன்ஹிதா (இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 281-ஆம் பிரிவில் அபராதம் 1,000 ரூபாய்க்கு மேல் போகாது என்பதால் பலரும் அலைச்சலுக்குப் பயந்து கட்டிவிடுகிறார்கள். அப்படிக் கட்டுவதென்றால், அஜாக்கிரதையாக ஓட்டியதாக மாஜிஸ்திரேட் முன் நீங்களே ஒப்புக்கொள்ள வேண்டும். நாளை நஷ்டஈட்டு வழக்கில் காரின் இன்சூரன்ஸ் வக்கீல் முதலில் தாக்கல் செய்யும் ஆவணம் அந்தத் தீர்ப்பு நகலாகத்தான் இருக்கும். குற்றத்தை மறுத்து வழக்கை நடத்துங்கள்.

மோதியவர் மேல்தான் தப்பு என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை. சிக்னலோ போக்குவரத்துக் காவலரோ இல்லாத சந்திப்பில், தன் வலப்பக்கமிருந்து வரும் வண்டிக்கு ஓட்டுநர் வழிவிட வேண்டும் என்பதுதான் விதி. அந்தக் கார் டிரைவரின் சீட்டில் உங்களை வைத்துப் பாருங்கள். அவருக்கு நீங்கள் வந்தது வலப்பக்கம். நின்றிருக்க வேண்டியவர் அவர்தான். உங்கள் தெரு அகலமானதாக இருந்தாலும் அதை மட்டும் வைத்து ‘மெயின் ரோடு’ என்று வாதாடாதீர்கள். அப்படி அறிவிக்கப்பட்ட சாலையாக இருந்தால்தான் அந்த வாதம் நிற்கும். உங்கள் பலம் வலப்பக்க விதியில் இருக்கிறது.

ஆனாலும் முன்னுரிமை இருக்கிறதென்று யாரும் வேகத்தைக் குறைக்காமல் சந்திப்புக்குள் போய்விட முடியாது. வேகம் குறைத்து, ஆபத்தில்லை என்று பார்த்துவிட்டுத்தான் நுழைய வேண்டும். இந்தக் கடமை உங்களுக்கும் உண்டு. எதிர்த்தரப்பு இங்கேதான் பிடிக்கும். அடிபட்டது முன்கதவு என்றால் கார் அப்போதுதான் உள்ளே நுழைந்திருக்கிறது என்று சொல்லலாம். பின்கதவு என்றால், ‘கார் பாதி கடந்த பிறகு வந்து மோதினார்’ என்பார்கள். அதனால் போலீசின் மாதிரி வரைபடம், மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை இரண்டின் நகலையும் வாங்கி, மோதிய இடம் சரியாகக் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அக்கம்பக்கத்துக் கடையில் சிசிடிவி இருந்தால் இன்றைக்கே போய்க் கேளுங்கள். பழைய பதிவு தானாகவே அழிந்துவிடும். உங்கள் மேலும் 20 சதவீதம் தப்பு இருக்கிறது என்று நஷ்டஈட்டு வழக்கை விசாரிக்கும் மோட்டார் விபத்து தீர்ப்பாயம் முடிவு செய்தால், 5 லட்சம் கிடைக்க வேண்டிய இடத்தில் 4 லட்சம் கிடைக்கும். அதற்காக மனுவே தள்ளுபடி ஆகிவிடாது.

லைசென்ஸ் இல்லாததற்குத் தனியாக அபராதம் உண்டு. ஆனால் அந்த ஒரு காரணத்தை வைத்து விபத்துக்கு நீங்களும் பொறுப்பு என்று சொல்ல முடியாது. சுதீர் குமார் ராணா வழக்கில் 2008-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

நடந்ததை எழுதி, கார் டிரைவர் மேல் நீங்களும் புகார் கொடுங்கள். ஸ்டேஷனில் வாங்க மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்புங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். எஃப்.ஐ.ஆரில் உங்கள் பெயர் இருப்பதைப் பார்த்து மனம் தளர வேண்டாம். தீர்ப்பாயம் சாட்சியங்களைத் தானே எடைபோட்டு முடிவெடுக்கும், எஃப்.ஐ.ஆர். அதைக் கட்டுப்படுத்தாது. அப்புறம், ஆஸ்பத்திரியில் போட்ட ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பி, எக்ஸ்ரே, மருந்து பில், கையை அசைக்க முடியாமல் வேலைக்குப் போகாத நாட்களுக்கான சம்பளச் சான்று எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மோட்டார் வாகனச் சட்டம் 166-ஆம் பிரிவில் மனு போட்டுவிடுங்கள். நீங்கள் குடியிருக்கும் ஊருக்கான தீர்ப்பாயத்திலேயே போடலாம்.