மழைக் கணக்கில் ஒரு நாள் தள்ளி நிற்பது ஏன்?

வணக்கம். உசிலம்பட்டிப் பக்கத்துக் களப்பணியாளர்கள் அனுப்பும் மழை அளவு, மதுரை அலுவலகத்தில் உள்ள உங்கள் பாசனப் பதிவோடு ஒரு நாள் முன்பின்னாக இருக்கிறது என்றும், கேட்டால் இரு தரப்பும் மற்றவரையே குறை சொல்கிறார்கள் என்றும் எழுதியிருந்தீர்கள்.

இதில் யாருடைய கவனக்குறைவும் இல்லை என்றே நினைக்கிறேன். இந்திய வானிலைத் துறையின் முறைப்படி மழைமானியைக் காலை 8.30 மணிக்குப் பார்த்து, முந்தைய 24 மணி நேரத்தில் பெய்தது முழுவதையும் அளந்த நாளின் தேதியிலேயே பதிவார்கள். ஆகவே செவ்வாய் மாலை கொட்டித் தீர்த்த மழை புதன்கிழமைக் கணக்கில்தான் வரும். அளப்பவருக்கு அது அன்றாட வழக்கம். எக்செல் தாளை மட்டும் பார்க்கும் உங்களுக்கோ அதை யாரும் சொல்லவில்லை.

எனவே அந்தத் தாளில் பத்தியின் தலைப்பில் ‘மழை’ என்றிருப்பதை ‘அன்று காலை 8.30 வரையிலான 24 மணி நேர மழை, மி.மீ.’ என்று மாற்றுங்கள். 0 என்றால் அளந்தும் மழை இல்லை, வெற்றுக் கட்டம் என்றால் அளக்கவே இல்லை என்பதையும் அங்கேயே எழுதி வையுங்கள். நான் முன்பு பணியாற்றிய இடத்தில் ஞாயிறு விடுமுறை என்பதால் இரண்டு நாள் மழை திங்கட்கிழமையில் ஒரே எண்ணாக விழுந்துகொண்டிருந்தது. அதைக் கண்டுபிடிக்கவே எங்களுக்கு மாதக்கணக்கில் ஆயிற்று.

கடிதம் எழுதி விளக்கம் கேட்பதைவிட, ஒரு திங்கட்கிழமை காலை நீங்களே உசிலம்பட்டிப் பக்கம் சென்று, மழையை அளக்கும் களப்பணியாளர் அளவுக் குவளையில் நீரை ஊற்றிக் கண்மட்டத்தில் பிடித்துப் படிப்பதை அருகில் நின்று பாருங்கள். உங்கள் மாத அறிக்கையின் நகல் ஒன்றையும் கையோடு கொண்டு செல்லுங்கள். தாம் எழுதும் எண்கள் எங்கே போய்ச் சேருகின்றன என்பதை அவர் இதுவரை பார்த்திருக்க வாய்ப்பில்லை.