டார்பிடோவைப் பின்னால் தள்ளியது ஏன்?

கேள்வி: முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் கடற்படையின் கடலோர மோட்டார் படகுகள் டார்பிடோவை (நீருக்குள் தானே ஓடிப்போய் வெடிக்கும் குண்டு) பின்பக்கமாகத் தள்ளிவிட்டு, அதற்கு வழிவிட்டு விலகி ஓடினவாமே? முன்னால் ஒரு குழாய் வைத்துச் சுடத் தெரியாதவர்களா அந்தப் பொறியாளர்கள்?
– வாசகர், காரைக்குடி

பதில்: நன்றாகத் தெரிந்தவர்கள். நீங்கள் படகை மட்டும் பார்க்கிறீர்கள். அதைச் சுமந்துபோக வேண்டிய கப்பலையும் சேர்த்துப் பாருங்கள்.

1915-இல் இங்கிலாந்தின் ஹார்விச் துறைமுகத்தில் இருந்த ஹாம்ப்டன், பிரெம்னர், ஆன்சன் என்ற மூன்று இளம் லெப்டினன்ட்களின் யோசனை இது. ஜெர்மன் கப்பல்கள் கடற்கண்ணிவெடிகளுக்குப் பின்னால் பத்திரமாக நிற்கின்றன. நீரில் ஆழமாக அமிழாத வேகப் படகு என்றால் அந்த வெடிகளுக்கு மேலேயே ஓடிவிடலாம். சரி, அவ்வளவு சின்னப் படகு வட கடலைத் தாண்டி அங்கே எப்படிப் போய்ச் சேரும்? குரூசர் என்ற நடுத்தரப் போர்க்கப்பல் ஒன்று அதைப் பக்கவாட்டில் தொங்கவிட்டுக் கொண்டுபோய் இறக்க வேண்டும். அந்தத் தொங்கல் தாங்கும் எடைதான் மற்ற எல்லாவற்றையும் முடிவு செய்தது. டார்பிடோவையும் சேர்த்து நாலேகால் டன். அதற்கு மேல் கூடாது. வேகமோ மணிக்கு 30 கடல் மைலுக்குக் குறையக் கூடாது.

இந்தக் கணக்கில் கனமான குழாய்க்கு இடமேது? அதுவும் முன்பக்கத்தில்! இப்படகுகளின் அடிப்பாகத்தில் ஒரு படி உண்டு. வேகமெடுத்ததும் மூக்கைத் தூக்கிக்கொண்டு தண்ணீரின் மேல் சறுக்கும். மூக்கில் கனம் ஏற்றினால் அந்தச் சறுக்கல் போய்விடும். ஆகவே படகுகளைக் கட்டிய தார்னிகிராஃப்ட் நிறுவனம் பின்பக்கத்தில் ஒரு திறந்த பள்ளம் அமைத்தது. படகு போகும் திசையைப் பார்த்தபடியே டார்பிடோ அதில் கிடக்கும். ஒரு தண்டு அதைப் பின்னோக்கித் தள்ள, வால் முதலில் நீரில் இறங்கும். இறங்கியதும் படகின் தடத்திலேயே முன்னோக்கிப் பாயும். ஓட்டுபவர் அதற்குள் திருப்பி விலகியாக வேண்டும். ஆபத்தான முறைதான், மறுக்கவில்லை. ஆனால் தெரிந்தே ஏற்ற ஆபத்து.

1918 ஜூனில் 'செண்ட் இஷ்த்வான்' என்ற ஆஸ்திரிய-ஹங்கேரியப் போர்க்கப்பலை மூழ்கடித்த இத்தாலியப் படகு பக்கவாட்டில்தானே நழுவவிட்டது என்று கேட்கலாம். உண்மை. ஆனால் அது எடையில் பெரியது. நாலேகால் டன் கட்டாயம் அதற்கு இல்லை.

அப்புறம், திறந்த பின்பக்கத்தால் இன்னொரு லாபம் கிடைத்தது. அடுத்து வந்த 55 அடிப் படகுகளில் டார்பிடோவுக்குப் பதில் கண்ணிவெடிகளையும் ஏற்றிப் பின்னால் நழுவவிட முடிந்தது. கண்ணிவெடி வைப்பதற்கென்றே 70 அடிப் படகுகளும் 1918-இல் உருவாயின. அவற்றில் 103-ஆம் எண் படகு இங்கிலாந்தின் சாத்தம் பழைய கப்பல் தளத்தில் பாதுகாக்கப்பட்டிருக்கிறது.

பொறியாளர்களைக் குறை சொல்லும் முன் 1919 ஜூன் 17 இரவையும் நினைத்துப் பாருங்கள். ரஷ்ய உள்நாட்டுப் போரில் பிரிட்டன் தலையிட்டிருந்த சமயம். ரஷ்யக் கடற்படைத் தளமான க்ரான்ஷ்டாட் அருகே பிரிட்டிஷ் லெப்டினன்ட் அகார் 4-ஆம் எண் படகில் சோவியத் காவல் கப்பல்களின் வரிசைக்குள் நுழைந்தார். நடுவில் கோளாறு. எதிரியின் கண்ணெதிரே 20 நிமிடம் நின்று சரிசெய்துவிட்டு, மறுபடி பாய்ந்து 'ஒலெக்' குரூசரை மூழ்கடித்தார். ஒலெக் 6,600 டன்னுக்கு மேல். அகாருடையது 40 அடிப் படகு, ஆட்கள் மூன்றே பேர், இருந்தது ஒரே ஒரு டார்பிடோ. அதைப் பின்பக்கமாகத்தான் தள்ளினார்கள்.